பிசிக்ஸ் கிளாஸ்ல முதல்ல கேள்வி, அப்புறம் தான் விளக்கம்: ரிசர்ச் சொல்றதை நம்ம வகுப்புல எப்படி செய்யறது

ஒரு ரூபா காயினை நேரா மேல சுண்டி விடறோம். அது கையை விட்டு கிளம்பி மேல போய்க்கிட்டு இருக்கும்போது அது மேல என்னென்ன ஃபோர்ஸ் இருக்கு? உச்சியில ஒரு கணம் நிக்குதே, அப்ப என்ன இருக்கு? கீழ இறங்கும்போது? காத்து தடையை கணக்குல எடுக்க வேணாம். நியூட்டன் விதி மூணும் முடிச்சு, டெஸ்ட்டும் வச்சு, பேப்பரும் திருத்தி குடுத்த ஒரு பிளஸ் ஒன் கிளாஸ்ல இதை கேட்டு பாருங்க. நல்ல மார்க் வாங்கற பசங்களையும் சேர்த்து நிறைய பேர் ஒரே பதிலை தான் எழுதுவாங்க, மேல போகும்போது கை குடுத்த ஃபோர்ஸ் கிராவிட்டியை விட ஜாஸ்தி, உச்சியில ரெண்டும் சமம், கீழ வரும்போது கிராவிட்டி ஜாஸ்தி. சரியான பதில் மூணு இடத்துக்கும் ஒண்ணு தான், கிராவிட்டி மட்டும், கீழ்நோக்கி, அளவும் அதே அளவு. கையை விட்ட உடனே கை தள்றது முடிஞ்சு போச்சு.

இது நம்ம பசங்களுக்கு மட்டும் உள்ள கோளாறு இல்ல. பாரிஸ்ல லாரன்ஸ் வியன்னோ 1979லயே இதை ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டாங்க, அமெரிக்காவுல ஜான் கிளெமென்ட் 1982ல இந்த காயின் கேள்வியையே இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸ் கிட்ட வச்சு பார்த்தார். பாஷையும் புக்கும் வேற வேற, பதில் மட்டும் ஒண்ணு. ஒண்ணு நகருதுன்னா அதை ஏதோ ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கணும்னு நம்ம எல்லாருக்கும் சின்ன வயசுல இருந்தே ஊறி போயிருக்கு, தெருவுல வண்டி தள்ளி பார்த்தவனுக்கு அப்படி தானே தோணும்.

அதனால நான் இங்க சொல்ல போறது ஒரு விஷயம் தான். நாம எவ்ளோ தெளிவா விளக்கினாலும், பசங்க மனசுல ஏற்கனவே இருக்கற எண்ணம் வெளிய வராம இருந்தா, நம்ம விளக்கம் அதுக்கு பக்கத்துல போய் தனியா உக்காந்துக்கும், எக்ஸாமுக்கு ஒண்ணு, நிஜத்துக்கு ஒண்ணு. அதை வெளிய கொண்டு வர்ற வழிகளை தான் பிசிக்ஸ் எஜுகேஷன் ரிசர்ச்னு சொல்ற துறை நாப்பது வருஷத்துக்கு மேல தேடிக்கிட்டு இருக்கு. அதுல இருந்து அறுபது பேர் உக்காந்திருக்கற, ப்ரொஜெக்டர் பாதி நாள் வேலை செய்யாத வகுப்புல கூட செய்யக்கூடியதை மட்டும் எடுத்து எழுதறேன்.

முதல்ல அளந்து பாருங்க

மாத்தறதுக்கு முன்னாடி இப்ப எங்க நிக்கறோம்னு தெரியணும். அதுக்கு உலகத்துலயே அதிகமா பயன்படுத்தற டெஸ்ட் ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி, சுருக்கமா எஃப்சிஐ. அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டில டேவிட் ஹெஸ்டனஸும் கூட இருந்தவங்களும் 1992ல வெளியிட்டாங்க, 1995ல திருத்தினாங்க. 30 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு ஆப்ஷன், கணக்கு போட வேண்டியதே இல்ல. அதோட பலமே தப்பான ஆப்ஷன்ல தான் இருக்கு, அதெல்லாம் யாரோ உக்காந்து யோசிச்சு எழுதினது இல்ல, ஸ்டூடண்ட்ஸ் நிஜமா சொன்ன பதில்கள். ஃபார்முலா மனப்பாடம் பண்ணினவனுக்கு அந்த தப்பு ஆப்ஷன் தான் நியாயமா தெரியும்.

ஃபிஸ்போர்ட்னு ஒரு சைட் இருக்கு, அமெரிக்க பிசிக்ஸ் டீச்சர்கள் சங்கம் நடத்தறது, அங்க நீங்க டீச்சர்னு காட்டினா இந்த டெஸ்ட் இலவசமா கிடைக்கும். கிடைச்சதும் தயவு செஞ்சு அதை வாட்ஸப் குரூப்ல போடாதீங்க. கேள்வி வெளிய போய் ஆன்சர் கீயும் சுத்த ஆரம்பிச்சா அடுத்த வருஷத்துல இருந்து அந்த டெஸ்ட் எதையும் அளக்காது. அதனால தான் இந்த கட்டுரையில வர்ற கேள்வியை எல்லாம் நான் என் போக்குல எழுதியிருக்கேன்.

வைக்கற முறை இப்படி. மெக்கானிக்ஸ் தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தடவை, ரெண்டும் அதே கேள்வி, அரை மணி நேரம். மார்க் கிடையாது, எழுதினா போதும்னு சொல்லிடுங்க, மார்க் உண்டுன்னு சொன்னா பக்கத்து பேப்பரை பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க. முடிஞ்சதும் கேள்வித்தாளை எண்ணி திருப்பி வாங்கிடுங்க. நடுவுல எந்த கேள்விக்கும் பதிலை வகுப்புல பேசாதீங்க, அந்த கேள்விக்காகன்னு தனியா நடத்தவும் வேணாம், நடத்தினா நம்மை நாமளே ஏமாத்திக்கறோம்.

அப்புறம் கணக்கு. முதல் டெஸ்ட்ல கிளாஸ் சராசரி 30 சதவீதம், கடைசியில 47 சதவீதம்னு வைங்க. ஏற வாய்ப்பு இருந்தது 70, ஏறினது 17, அப்ப 17ஐ 70ஆல வகுத்தா 0.24. இதுக்கு பேரு நார்மலைஸ்ட் கெயின். 1998ல ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகள்ல இருந்து, மொத்தம் 6,542 ஸ்டூடண்ட்ஸோட மார்க்கை சேர்த்து இதே கணக்கை போட்டார், ஸ்கூல், காலேஜ், யுனிவர்சிட்டி எல்லாம் கலந்து. டீச்சர் மட்டும் பேசி பசங்க கேட்டுக்கிட்டு இருந்த 14 வகுப்புல சராசரி 0.23, அதுல ஒரு வகுப்பு கூட 0.3ஐ தொடல. பசங்களை யோசிக்க வச்சு பேச வச்ச 48 வகுப்புல சராசரி 0.48. அந்த 14 பேரும் மோசமான டீச்சர்னு யாரும் சொல்லல, அவங்கள்ல நல்லா விளக்கறவங்க எத்தனையோ பேர் இருந்திருப்பாங்க. விளக்கறதோட எல்லையே அவ்ளோ தான் போலன்னு தான் இதுல இருந்து நான் எடுத்துக்கறேன்.

எரிக் மசூர் கதையும் இதே தான். ஹார்வர்ட்ல 1984ல இருந்து முதல் வருஷ பிசிக்ஸ் எடுத்தவர், பசங்க நல்ல ரேட்டிங் குடுத்தாங்க, கஷ்டமான கணக்கும் போட்டாங்க. இந்த மாதிரி ஒரு டெஸ்ட்டை தன் கிளாஸுக்கு வச்சப்ப ஒரு ஸ்டூடண்ட் கேட்டாராம், இதுக்கு நீங்க சொல்லிக்குடுத்தபடி எழுதணுமா, இல்ல நான் நினைக்கறபடி எழுதணுமான்னு. அந்த கேள்விக்கு அப்புறம் தான் அவர் 1991ல பியர் இன்ஸ்ட்ரக்ஷன்னு, பசங்களே ஒருத்தருக்கு ஒருத்தர் பேசி புரிய வைக்கற ஒரு முறையை ஆரம்பிச்சார், கீழ சொல்ல போறது பெரும்பாலும் அது தான்.

ஒரு கேள்வியை வச்சு பதினஞ்சு நிமிஷம் ஓட்டறது

முக்கால் மணி நேர பீரியட்ல இப்படி ரெண்டு கேள்வி வச்சா தாராளம், ஆரம்பத்துல ஒண்ணு போதும். காயினையே எடுத்துக்கலாம். போர்டுல எழுதுங்க: காயின் மேல போய்க்கிட்டு இருக்கும்போது அது மேல இருக்கற மொத்த ஃபோர்ஸ், ஏ) மேல்நோக்கி, போக போக குறையுது பி) மேல்நோக்கி, மாறாம இருக்கு சி) கீழ்நோக்கி, மாறாம இருக்கு டி) கீழ்நோக்கி, போக போக கூடுது. இதுல ஏவும் டியும் சும்மா வச்சது இல்ல. ஏ போடறவனுக்கு கை குடுத்த ஃபோர்ஸ் தீர்ந்துக்கிட்டே வருது, டி போடறவனுக்கு கிராவிட்டி கொஞ்சம் கொஞ்சமா ஜெயிச்சுக்கிட்டு வருது. ஆப்ஷன் எப்படி எழுதறதுன்னு தெரியலன்னா ஒரு வாரம் முன்னாடி அதே கேள்வியை ஆப்ஷன் இல்லாம துண்டு பேப்பர்ல எழுத சொல்லி வாங்கிடுங்க, இருபது பேப்பரை புரட்டினாலே நாலு ஆப்ஷன் தானா கிடைச்சிடும். இந்த வேலையை வெட்டி வேலைன்னு நினைக்காதீங்க, ஃபிலிப் சாட்லரும் கெர்ஹார்ட் சோனெர்ட்டும் 2013ல வெளியிட்ட ஆராய்ச்சியில 181 மிடில் ஸ்கூல் டீச்சர்களை பார்த்தாங்க, சரியான பதில் தெரிஞ்ச டீச்சர்களுக்குள்ளயும், பசங்க எந்த தப்பு ஆப்ஷனை அதிகமா போடுவாங்கன்னு முன்கூட்டியே சொல்ல முடிஞ்சவங்க கிட்ட படிச்ச பசங்க அதிகமா முன்னேறியிருந்தாங்க.

கேள்வியை எழுதியாச்சா, இப்ப வாயை மூடிக்கணும். இது தான் கஷ்டம். ரெண்டு நிமிஷம் எல்லாரும் தனியா யோசிக்கணும், பக்கத்துல பேசக்கூடாது, பதிலையும் ஒரு வரி காரணத்தையும் நோட்டுல எழுதிடணும். நாம டீச்சருங்களுக்கு அமைதி தாங்காது, மேரி பட் ரோன்னு ஒருத்தங்க 1970கள்லயே அளந்து பார்த்தாங்க, கேள்வி கேட்டுட்டு டீச்சர் காத்திருக்கறது சுமார் ஒரு செகண்ட் தான், அதை மூணு செகண்ட் ஆக்கினாலே பசங்க நீளமா பதில் சொல்ல ஆரம்பிச்சாங்க. ரெண்டு நிமிஷம்னா யுகம் மாதிரி இருக்கும், ஜன்னல் பக்கம் போய் நில்லுங்க.

அடுத்து ஓட்டு. எல்லாரும் ஒரே நேரத்துல காட்டணும், ஒருத்தரை பார்த்து இன்னொருத்தர் காட்டக்கூடாது. ரிமோட் மாதிரி பட்டனை அமுக்கி ஓட்டு போடற கிளிக்கர் கருவி எல்லாம் வேணாம், நத்தானியல் லாஸ்ரி 2008ல கிளிக்கரையும் சாதா அட்டையையும் ஒப்பிட்டு பார்த்துட்டு கத்துக்கறதுல வித்தியாசம் இல்லன்னு சொல்லிட்டார். நெஞ்சு கிட்ட வச்சு விரலை காட்ட சொல்லலாம், ஏ-வுக்கு ஒரு விரல், பி-க்கு ரெண்டு விரல், இப்படி, பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு தெரியாது. இல்லன்னா பிளிக்கர்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, பசங்களுக்கு பிரிண்ட் எடுத்த அட்டை மட்டும் போதும், உங்க ஒரு போன் கேமராவை வச்சு மொத்த கிளாஸையும் படிச்சிடும். பசங்க போன் கொண்டு வரக்கூடாதுன்னு இருக்கற ஸ்கூலுக்கு இது ரொம்ப வசதி.

எத்தனை பேர் சரின்னு பார்த்து தான் அடுத்த முடிவு. 30 சதவீதத்துக்கு கீழன்னா அவங்களை பேச விட்டு பிரயோஜனம் இல்ல, யாருக்கும் பிடி கிடைக்கல, நீங்க கொஞ்சம் விளக்கிட்டு திரும்ப கேளுங்க. 70க்கு மேலன்னா ரெண்டு வரி சொல்லிட்டு அடுத்ததுக்கு போயிடுங்க. நடுவுல இருந்தா அது தான் விளைச்சல் நிலம். எத்தனை பேர் எதுக்கு போட்டாங்கன்னு சொல்லாதீங்க, சொன்னா கூட்டம் எந்த பக்கமோ அந்த பக்கம் சாஞ்சிடும். உன்னோட வேற பதில் போட்டவனை தேடி பிடிச்சு அவனை ஒத்துக்க வைன்னு மட்டும் சொல்லி மூணு நாலு நிமிஷம் விட்டுடுங்க.

அந்த மூணு நிமிஷம் பெஞ்சுக்கு பெஞ்சு நடந்து காதை மட்டும் குடுங்க. இப்படி கேக்கும்:

"கை தள்ளின ஃபோர்ஸ் காயினுக்குள்ள இருக்குடா, அதான் மேல போகுது."

"கை தான் விட்டுடுச்சே, அப்புறம் யாரு தள்றது?"

"அப்ப எதுக்குடா மேல போகுது? ஃபோர்ஸ் இல்லன்னா அங்கயே விழணும்ல?"

"வேகம் இருக்கு, அதனால போகுது. ஃபோர்ஸ் கீழ இழுக்குது, அதான் வேகம் குறையுது."

இந்த கடைசி வரியை நீங்க போர்டுல எழுதி விளக்கியிருந்தா எல்லாரும் நோட்டுல எழுதியிருப்பாங்க, அவ்ளோ தான் நடந்திருக்கும். பக்கத்து பெஞ்சு பையன் சொல்லும்போது எதிர்த்து கேக்க முடியுது. இன்னொரு விஷயம், இப்ப தான் புரிஞ்சுக்கிட்டவனுக்கு தனக்கு எங்க சிக்கிச்சுன்னு ஞாபகம் இருக்கும், நமக்கு அது எப்பவோ மறந்து போச்சு.

காதுல விழுந்ததை வார்த்தை மாறாம ஒரு பேப்பர்ல குறிச்சுக்கோங்க. இரண்டாவது ஓட்டு எடுங்க, அப்புறம் தான் விளக்கம். விளக்கம் குடுக்கும்போது ஏ போட்டது யாருன்னு கேக்காதீங்க, கேட்டா அடுத்த தடவை எவனும் நிஜமா நினைக்கறதை காட்ட மாட்டான். ஏ போட்ட ஒருத்தர் எப்படி யோசிச்சிருப்பாங்கன்னு கேளுங்க, சரியா போட்டவன் கூட வந்து சொல்லுவான். ஃபோர்ஸ்னு எதை சொன்னாலும் அதை குடுக்கறது எது, எது மேல குடுக்குதுன்னு ரெண்டையும் சொல்ல வைக்கணும், இதை வருஷம் முழுக்க வழக்கமாவே ஆக்கிடுங்க. கை குடுத்த ஃபோர்ஸுக்கு குடுக்கறவன் இப்ப இல்லன்னு அவங்களே கண்டுபிடிச்சிடுவாங்க.

தப்பான எண்ணத்தை அடிச்சு நொறுக்க வேணாம்

தப்பான கருத்தை எடுத்து எறிஞ்சுட்டு சரியானதை வைக்கணும்னு முதல்ல எல்லாம் பேசிக்கிட்டு இருந்தாங்க. ஆண்ட்ரியா டிசெஸா, டேவிட் ஹேமர் மாதிரி ஆளுங்க வேற பக்கம் இருந்து பார்த்தாங்க, பசங்க சொல்ற அந்த உள்ளுணர்வுல ஒரு உண்மை இருக்கு, அது தப்பான இடத்துல போய் ஒட்டியிருக்கு, அவ்ளோ தான்னு. எனக்கு இது தான் வகுப்புல அதிகமா உதவுது. காயினுக்குள்ள ஏதோ இருந்து தீர்ந்துக்கிட்டே வருதுன்னு சொல்றானே, தீர்ந்துக்கிட்டு வர்றது நிஜம் தான், ஆனா அது ஃபோர்ஸ் இல்ல, மொமென்டம். நீ பார்த்தது சரி, பேரு தான் வேறன்னு சொன்னா முகமே மாறிடும்.

மூணாவது விதிக்கு இதே வழியில மேரிலாந்துல ஆண்ட்ரூ எல்பி வச்ச பயிற்சி அருமையா இருக்கும். லாரி ஒண்ணு நிக்கற கார் மேல மோதுது, எது மேல ஃபோர்ஸ் ஜாஸ்தின்னு கேட்டா கார் மேல தான்னு பெரும்பாலும் சொல்லுவாங்க, மூணாவது விதியை வரி தப்பாம ஒப்பிக்கறவன் கூட. நேரடியா தப்புன்னு சொல்லாதீங்க. லாரி 2000 கிலோ, கார் 1000 கிலோ, மோதினதுல லாரியோட வேகம் செகண்டுக்கு 5 மீட்டர் குறைஞ்சுது, அப்ப காரோட வேகம் எவ்ளோ கூடியிருக்கும்னு மனசுல தோணறதை கேளுங்க, ஃபார்முலா வேணாம். கார் பாதி எடை, அதனால ரெண்டு மடங்கு, 10னு நிறைய பேர் சொல்லிடுவாங்க. சரி, மோதல் அரை செகண்ட் நடந்துச்சு, இப்ப ரெண்டுக்கும் ஆக்ஸிலரேஷன் கண்டுபிடி. லாரிக்கு 10, காருக்கு 20. எடையால பெருக்கு. லாரி மேல 20,000 நியூட்டன், கார் மேல 20,000 நியூட்டன்.

இந்த இடத்துல ஒரு நிமிஷம் எதுவும் பேசாம நில்லுங்க. தன் மனசுல தோணினதை வச்சே தான் போட்டான், அது மூணாவது விதியில வந்து நிக்குது. கார் அதிகமா பாதிக்கப்படுதுன்னு அவன் சொன்னதும் பொய்யில்ல, அது ஆக்ஸிலரேஷன்ல இருக்கு, ஃபோர்ஸ்ல இல்ல. நம்ம ஊர்ல பஸ்ஸும் பைக்கும் வச்சு கேட்டாலும் ஓடும், எடை மட்டும் சுலபமா பெருக்கற மாதிரி எடுத்துக்கோங்க.

டெமோ காட்டறதுக்கு முன்னாடி பேப்பர் வாங்குங்க

டெமோ காட்டினா பசங்களுக்கு புரிஞ்சிடும்னு நாம எல்லாரும் நம்பறோம். மசூர் குரூப்ல கேத்தரின் க்ரவுச் முதலானவங்க 2004ல இதை சோதிச்சாங்க. டெமோவையே பார்க்காதவங்கள்ல பின்னாடி சரியான காரணம் சொன்னது 22 சதவீதம், சும்மா பார்த்தவங்கள்ல 24. பார்த்தும் பார்க்காததும் கிட்டத்தட்ட ஒண்ணு. என்ன ஆகும்னு முன்னாடியே கணிச்சு, பார்த்து, பக்கத்துல பேசவும் செஞ்சவங்க 32. இதுவும் ஒண்ணும் ஆஹா ஓஹோ இல்ல தான், ஆனா ஒரே டெமோ, கூட ஆகற நேரமும் சில நிமிஷம்.

அதனால முறை சிம்பிள். சாமானை மேஜையில வச்சு காட்டுங்க, என்ன செய்ய போறோம்னு சொல்லுங்க, ஆனா செய்யாதீங்க. என்ன நடக்கும்னு எழுதி கையெழுத்து போட்டு ஒரு துண்டு பேப்பர் குடுக்கணும், பக்கத்துல பேசிட்டு மாத்தணும்னா ரெண்டாவதா ஒண்ணு. அப்புறம் செய்ங்க. பார்த்ததை அவங்க வாயால சொல்லட்டும், ஏன்னா தான் எதிர்பார்த்ததை தான் பார்த்ததா நினைச்சுக்கறவங்க கணிசமா இருப்பாங்க.

முதல்ல செய்யறதுக்கு மின்சுற்று டெமோவை தான் நான் சொல்லுவேன். வாஷிங்டன் யுனிவர்சிட்டில லிலியன் மெக்டெர்மாட்டும் பீட்டர் ஷாஃபரும் 1992ல எழுதினது இது. அஞ்சும் ஒரே மாதிரி பல்பு, மூணு ஒரே மாதிரி பேட்டரி. முதல் பேட்டரில ஒரு பல்பு மட்டும், ரெண்டாவதுல ரெண்டு பல்பு சீரீஸ்ல, மூணாவதுல ரெண்டு பல்பு பேரலல்ல. எது அதிகமா எரியும், எது கம்மி, வரிசைப்படுத்து. தனி பல்பும் பேரலல் பல்பு ரெண்டும் ஒரே வெளிச்சம், சீரீஸ் ரெண்டும் அதை விட மங்கல், அதுங்களுக்குள்ள சமம். சமன்பாடே வேணாம், ஆனாலும் யுனிவர்சிட்டி பிசிக்ஸ் ஸ்டூடண்ட்ஸ்ல சுமார் 15 சதவீதம் பேர் தான் சரியா போட்டாங்க, பாடம் நடத்தறதுக்கு முன்னாடி கேட்டாலும் நடத்தின அப்புறம் கேட்டாலும் பெரிய மாற்றம் இல்ல. சீரீஸ்ல முதல் பல்பு கரண்ட்டை சாப்பிட்டுடும், அதனால ரெண்டாவது மங்கலா இருக்கும்னு ஒரு கூட்டம், பேட்டரி எப்பவும் ஒரே அளவு கரண்ட் தான் குடுக்கும், பேரலல்ல அது பாதி பாதியா பிரியும்னு இன்னொரு கூட்டம்.

சாமான் வாங்கும்போது கவனிக்க வேண்டியது, எல்இடி வச்சு இதை செய்யவே கூடாது, அதோட குணமே வேற, சீரீஸ்ல போட்டா எரியாமலே போகலாம். பழைய டார்ச்ல வர்ற இழை பல்பு தான் வேணும், எலக்ட்ரிக்கல் கடையில கேட்டா இப்ப முழிப்பாங்க, லேப் சாமான் விக்கற கடையில கிடைக்கும். அஞ்சும் ஒரே பாக்கெட்ல இருந்து எடுங்க, எல்லாத்தையும் ஒரே செல்லுல போட்டு ஒரே மாதிரி எரியுதான்னு முதல் நாளே பார்த்துடுங்க. செல் புதுசா, பெரிய சைஸா இருக்கணும். பழைய செல்லுக்கு உள்ள இருக்கற ரெசிஸ்டன்ஸ் அதிகம், ரெண்டு பல்பு பேரலல்ல போட்ட உடனே வோல்டேஜ் இறங்கி ரெண்டும் மங்கிடும், பார்த்தீங்களா சார் கரண்ட் பிரியுதுன்னு கிளாஸே கத்தும், அன்னிக்கு பாடம் தலைகீழா போயிடும். செல்லை நம்ப முடியலன்னா ஃபெட்ங்கற கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல செய்யலாம், கார்ல் வீமன் கொலராடோவுல 2002ல ஆரம்பிச்சது, இலவசம், தமிழ்லயும் நிறைய இருக்கு.

கணக்கு நிறைய போட்டா சரியாகிடாதா

நீட் ஜேஇஇ கோச்சிங் பக்கம் இருக்கறவங்க இதை தான் முதல்ல கேப்பாங்க. கொரியாவுல யூன்சூக் கிம்மும் சுங்-ஜே பாக்கும் 2002ல வெளியிட்ட ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, யுனிவர்சிட்டிக்கு நுழைவுத்தேர்வு எழுதி வந்த 27 பேர், ஒவ்வொருத்தரும் தயாரிப்புக்காக 300ல இருந்து 2,900 வரைக்கும் பிசிக்ஸ் கணக்கு போட்டவங்க, சராசரி சுமார் 1,500. அவங்களுக்கும் மெக்கானிக்ஸ்ல அதே அடிப்படை குழப்பங்கள் இருந்துச்சு, போட்ட கணக்கோட எண்ணிக்கைக்கும் புரிதலுக்கும் பெருசா சம்பந்தம் தெரியல. 27 பேர்ங்கறது சின்ன கூட்டம் தான், ஒத்துக்கறேன். ஆனா நுழைவுத்தேர்வுக்காக உயிரை விட்டு படிக்கற ஊர்ல எடுத்த ஆராய்ச்சி, நமக்கு அமெரிக்க டேட்டாவை விட இது தான் பக்கத்துல இருக்கு.

கணக்கே வேணாம்னு நான் சொல்லல, கணக்கை வேற விதமா பயன்படுத்தலாம். 1981ல மிஷலீன் சீயும் கூட இருந்தவங்களும் பிசிக்ஸ் கணக்குகளை அட்டையில எழுதி குடுத்து, போடாம வகை மட்டும் பிரிக்க சொன்னாங்க. புதுசா படிக்கறவங்க சாய்தளக் கணக்கு எல்லாம் ஒரு பக்கம், ஸ்பிரிங் கணக்கு எல்லாம் ஒரு பக்கம்னு படத்தை பார்த்து பிரிச்சாங்க, பிசிக்ஸ்ல பிஎச்டி பண்றவங்க எனர்ஜி கன்சர்வேஷன், நியூட்டனோட ரெண்டாவது விதின்னு தத்துவத்தை வச்சு பிரிச்சாங்க. இதையே பயிற்சியா வைங்க. பத்து கணக்கை பிரிண்ட் எடுத்து வெட்டி நாலு நாலு பேருக்கு குடுங்க, ஒரு கணக்கு கூட போடக்கூடாது, எதை எதால ஆரம்பிப்பேன்னு மட்டும் அடுக்கி காரணம் சொல்லணும். ரெண்டு சாய்தளக் கணக்கு வேற வேற குவியல்ல போற மாதிரி நீங்க முன்னாடியே தேர்ந்தெடுத்து வச்சிருக்கணும், அதுல தான் சண்டை வரும், சண்டை வந்தா அது தான் பாடம்.

போர்ஷன், பசங்க முணுமுணுப்பு, எக்ஸாம்

போர்ஷன் முடியுமான்னா, எல்லா பாடத்துக்கும் இப்படி செஞ்சா முடியாது. எங்க பசங்க வழக்கமா வழுக்குவாங்களோ அங்க மட்டும் வைங்க, முதல் விதி, மூணாவது விதி, சர்க்கிள்ல சுத்தறது, மிதக்கறது, மின்சுற்று. டெரிவேஷனை முதல் நாளே புக்ல படிச்சுட்டு வர சொல்லி, புரியாத வரியை ஒரு துண்டு பேப்பர்ல வாங்கினா போர்டுல எழுதற நேரம் மிச்சம். பாதி பேர் படிக்காம வருவாங்க, முதல் மாசம் அப்படி தான் இருக்கும்.

பசங்க கண்டிப்பா முணுமுணுப்பாங்க, சார் நடத்தவே மாட்டேங்கறாரு, எங்களையே பேச விடறாருன்னு. லூயிஸ் டெலாரியே குரூப் ஹார்வர்ட்ல 2019ல இதை அளந்தே பார்த்தாங்க, ஆக்டிவா செஞ்ச வகுப்புல பசங்க டெஸ்ட்ல அதிகமா வாங்கினாங்க, ஆனா நல்லா கத்துக்கிட்டோம்ங்கற உணர்வு லெக்சர் கேட்டவங்களுக்கு தான் அதிகம். தெளிவான லெக்சர் கேக்க சுகமா இருக்கு, அதனால புரிஞ்ச மாதிரி இருக்கு. இதை முதல் வாரத்துலயே பசங்க கிட்ட சொல்லிடுங்க, பேரண்ட்ஸ் மீட்டிங்லயும் சொல்லிடுங்க, ஹெச்எம் வராண்டாவுல நின்னு ஏன் இவ்ளோ சத்தம்னு கேக்கறதுக்கு முன்னாடி அவர் கிட்டயும் சொல்லிடுங்க.

எக்ஸாம்ல மட்டும் பழைய மாதிரியே எல்லாம் ஃபார்முலா கணக்கா வச்சா ஒரே மாசத்துல பசங்க கண்டுபிடிச்சிடுவாங்க இந்த கேள்வி எல்லாம் சும்மா பேச்சுக்குன்னு. போர்டு எக்ஸாம் நம்ம கையில இல்ல, யூனிட் டெஸ்ட் நம்ம கையில இருக்கு. அதுல ரெண்டு கேள்வி காரணத்தோட எழுதற மாதிரி வைங்க, மார்க் காரணத்துக்கு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். இந்த ஆராய்ச்சில பெரும்பாலானது அமெரிக்க யுனிவர்சிட்டில, அதுலயும் கணக்குல நல்ல அடித்தளம் உள்ள பசங்களை வச்சு செஞ்சது, ஸ்டீஃபன் கனிமும் ஸிமேனா ஸிட்டும் 2020ல எடுத்து காட்டினாங்க. அதனால அவங்க நம்பர் நம்ம வகுப்புல அப்படியே வரணும்னு இல்ல, உங்க நம்பரை நீங்க எடுங்க. அமெரிக்கன் பிசிக்கல் சொசைட்டியோட பிசிக்கல் ரிவ்யூ பிசிக்ஸ் எஜுகேஷன் ரிசர்ச் இதழ் இலவசமா படிக்கலாம், மொழி கொஞ்சம் வறட்சி, ஆனா கடைசி பக்கத்துல குடுக்கற கேள்விகளே பாதி பொக்கிஷம்.

வருஷக் கடைசியில ரெண்டாவது டெஸ்ட்டும் முடிஞ்சதும் மொத்த கெயினை பார்த்து சந்தோஷமோ வருத்தமோ பட்டுட்டு விட்டுடாதீங்க. ஒரு எக்ஸெல் ஷீட்ல கேள்வி வாரியா பிரிங்க, முன்னாடி எத்தனை பேர் எந்த ஆப்ஷன், பின்னாடி எத்தனை பேர் எந்த ஆப்ஷன். சில கேள்வில 20ல இருந்து 70க்கு ஏறியிருக்கும். சில கேள்வில எல்லாரும் ஒரு தப்புல இருந்து இன்னொரு தப்புக்கு மாறியிருப்பாங்க, மொத்த மார்க்ல அது தெரியவே தெரியாது, ஆனா ஏதோ அசைஞ்சிருக்குன்னு அர்த்தம். எது முன்னாடி இருந்த அதே தப்புல அப்படியே நிக்குதோ, அந்த மூணு நாலு கேள்வியோட தலைப்பை மட்டும் எழுதி வைங்க, அடுத்த ஜூன்ல புது கேள்வி எழுத ஆரம்பிக்க வேண்டியது அங்க இருந்து தான்.